மூளைக் காயமும் குருத்தணு மருத்துவமும்

சென்ற கோடை விடுமுறையின்போது என் சிற்றப்பனாரின் மகன், என்னினும் மூன்றாண்டு மூத்தவர், மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து தலையில் அடிபட்டார். தலைக்கவசம் வீட்டுச் சுவரில் ஆணியிலே தொங்கிக்கொண்டிருந்தது. முதல்நாள் மாலை அவர் கண்விழித்து, என்னைப் பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் கேட்டார். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரும், "இரத்தக் கசிவு சிறிதுதான், ஆயினும் மூன்று நாள் கழியட்டும்" என்றார். அச்சொல்லின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் ஒருவரையும் அறியாதவராயினார். மூச்சு விடுதற்கும் இயந்திரத்தின் துணை வேண்டியதாயிற்று. இடையிலே புதியதோர் அடி பட்டதில்லை. அங்ஙனமாகவும் முதல்நாள் பேசியவர் மூன்றாம் நாள் பேச்சிழந்தது எதனால்?

இவ்வினா என் உள்ளத்தை வருத்திக்கொண்டிருந்த காலத்திலேயே மற்றொன்றும் நேர்ந்தது. மருத்துவமனை வாயிலில் ஒருவர் என் சிற்றப்பனார் கையில் வழுவழுப்பான அச்சுத்தாள் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் மூளை புதிதாய் முளைக்கும் என்பது அத்தாளிற் கண்ட செய்தி. கேட்ட தொகை பல இலட்சம். சிற்றப்பனார் வயலை ஒற்றி வைக்கவும் ஒருப்பட்டுவிட்டார். "தம்பி, நீ காலேஜில் படிக்கிறவன், இதில் எழுதியிருப்பது மெய்தானா, பார்த்துச் சொல்" என்று அத்தாளை என்னிடம் நீட்டினார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யாப்பும் அணியும் பயிலும் நான் என்ன விடை கூறுவேன்! விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டதும், விலங்கியல் பேராசிரியர் ஒருவரைப் பலகால் அணுகி அலைக்கழித்து, அவர் காட்டிய நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படித்து அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் பிழை காணின் பொறுத்துத் திருத்துவாராக.

மூளை என்பது உடலின் நிறையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு இருபது பங்கை அஃதொன்றே வாங்கிக்கொள்கின்றது. கல்லீரலைப்போலவும் தசையைப்போலவும் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் அதற்கு இல்லை. அது ஓர் அன்றாடங்காய்ச்சி. குருதி வரவு பத்து விநாடி முற்றும் நின்றுபோயின் நினைவு நீங்கும். சில நிமிடம் நின்றால் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இத்தகைய உறுப்புக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கழுத்தில் விரலளவாய்ப் புறப்பட்டுக் கிளைத்துக் கிளைத்து, முடிவில் மயிரிழையிற் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள நுண்குழாய்களாகின்றன. குருதியின் செவ்வணுக்கள் அவற்றினூடே ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து செல்லவேண்டும். ஒரு மனிதனுடைய மூளையிலுள்ள நுண்குழாய்களை முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆகுமென மதிப்பிடுகின்றனர். அது சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட தொலைவு போன்றது.

இனி, இந்நுண்குழாய்களுக்கு ஏனை உறுப்புகளின் குழாய்களுக்கில்லாத ஒரு சிறப்பு உண்டு. அதனை உலகம் கண்டறிந்த வரலாறு சுவையுடையதாதலின் சிறிது விரித்துரைப்பேன்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் பால் எர்லிக் என்பார் விலங்குகளின் குருதியிற் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். உடலின் உறுப்புகளெல்லாம் நிறம் ஏறின; மூளை மட்டும் பெரும்பாலும் ஏறாமல் நின்றது. மூளைக்கு அச்சாயத்தின்மேல் பற்றில்லைபோலும் என அவர் கருதினார். பெரியார் ஒருவர் கருதிவிட்டால் அது நெடுங்காலம் நிற்கும் அன்றோ? இருபத்தெட்டு ஆண்டு சென்றபின், 1913இல், அவர்தம் மாணாக்கராகிய எட்வின் கோல்டுமன் அவ்வாராய்ச்சியை மறுபுறமாகத் திருப்பினார். குருதியில் விடாமல், மூளையைச் சூழ்ந்து நிற்கும் நீரிலே நீலச் சாயத்தைச் செலுத்தினார். மூளை நீலமாயிற்று, உடலின் மற்றைப் பகுதிகள் நிறம் மாறவில்லை. ஆகவே சாயத்தை மூளை வெறுத்ததன்று. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடை உண்டு என்பது பெறப்பட்டது. அத்தடை எங்கே உள்ளது? 1967இல் அமெரிக்காவில் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்னும் இருவர் சுண்டெலிகளின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து அதனைக் கண்டனர். நுண்குழாயின் உட்சுவராய் அமைந்த அணுக்கள், ஒன்றோடொன்று இடைவெளியின்றித் தைத்தாற்போல் இறுகப் பொருந்தியுள்ளன. அப்பொருத்துவாயே தடை. எர்லிக் கண்ட வியப்புக்கு எண்பத்திரண்டு ஆண்டு கழித்து விடை கிடைத்தது.

இதனைக் குருதி–மூளைத் தடை என்பர். தடை என்னும் பெயர் பொருத்தமானதே எனினும், வெறுஞ்சுவர் என எண்ணற்க. சர்க்கரைக்கு வாயில் உண்டு; பிராணவாயு தடையின்றிச் செல்லும்; நச்சுப்பொருள்களும், பெரும்புரதங்களும், நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் நிறுத்தப்படும். உட்சுவர் அணுக்களின் புறத்தே மெல்லிய அடிப்படலம் ஒன்று; அதன்மேல் குழாயைத் தழுவிக்கொண்டிருக்கும் பெரிசைட் என்னும் காவலணுக்கள்; அவற்றுக்கும் புறத்தே விண்மீன் வடிவான துணையணுக்களின் பாதங்கள். இந்நான்கும் ஒன்றற்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டு வாழ்கின்றன. பெரிசைட்டுகள் விலகினால் உட்சுவர் தளரும். உட்சுவர் நலிந்தால் துணையணுக்கள் வீங்கும். ஒன்று கெட்டால் மற்றவை தனித்து நில்லா.

நிற்க. தலையில் அடிபடுங்கால் நிகழ்வது யாது? மூளை மென்மையானது, பனங்காயினுள் நுங்கு இருக்குமாறு ஓட்டினுள் இருப்பது. விரைந்து செல்லும் தலை கல்லில் மோதித் திடுமென நிற்க, உள்ளிருப்பது நில்லாமல் ஒருபுறம் சென்று மோதி, மறுபுறம் மீண்டு, சுழன்று முறுக்குண்கின்றது. அப்பொழுது நரம்பு இழைகள் இழுபடுகின்றன; குழாய்கள் அறுகின்றன. பெரிய குழாய் அறுந்து குருதி கட்டினால் ஸ்கேன் படத்திற் காணலாம்; அறுவை மருத்துவர் ஓட்டைத் திறந்து அக்கட்டியை அகற்றி உயிர் காப்பார். இஃது முதற்காயம். அது நிகழ்ந்த கணத்தோடு முடிந்தது; அதனை எம்மருந்தாலும் நிகழாததாக்க இயலாது.

எங்களை ஏமாற்றியது இரண்டாங் காயம். அறுபடாமலே கசங்கிய நுண்குழாய்கள் பல்லாயிரம். அவை படத்திலே தோன்றா. அடிபட்ட சில மணிநேரத்துள் உட்சுவர் அணுக்களின் பொருத்துவாய்கள் நெகிழத் தொடங்குகின்றன. அடிப்படலத்தைக் கரைக்கும் நொதிகள் எழுகின்றன. பெரிசைட்டுகள் பிடி விடுகின்றன. அதுவரை வாயிலில் நிறுத்தப்பட்ட புரதங்கள் குழாயினின்று மூளைத்திசுவிற் கசிய, அவற்றைத் தொடர்ந்து நீரும் கசிகின்றது. ஏரிக்கரையில் நண்டு வளை தோண்டிய இடத்திலே முதலில் ஈரம் மட்டுமே தெரியும், பின்னர் ஊறல், பின்னர் உடைப்பு. எலிகளை வைத்து நடத்திய சில ஆராய்ச்சிகளில் இத்தடை இருமுறை திறந்தமை காணப்பட்டது: முதற்சில மணிநேரத்தில் ஒருமுறை, மூன்றாம் நாளை ஒட்டி மற்றொருமுறை. மனிதரிடத்தும் வீக்கம் முதிர்வது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே என்பர். "மூன்று நாள் கழியட்டும்" என்று டாக்டர் கூறியதன் பொருள் எனக்கு அப்பொழுதே விளங்கிற்று.

வேறு உறுப்பு வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மூளைக்கு அவ்வசதி இல்லை. மண்டையோடு மூடிய பெட்டி என்பதையும், அதனுள் ஒன்று பெருகினால் மற்றொன்று குறையவேண்டும் என்பதையும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் மன்றோ 1783இலும், கெல்லி 1824இலும் எடுத்துரைத்துப் போந்தனர். மூளை வீங்க, உள்ளழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற, குருதி வரவு குறையும். குருதி குறைய, குழாய்ச் சுவர்கள் மேலும் நலியும். அவை நலிய, மேலும் நீர் கசிந்து வீக்கம் மிகும். காயமுற்ற மூளையினின்று வெளிப்படும் பொருளொன்று குருதியை உறையச் செய்தலின், நுண்குழாய்களிலே சிறுசிறு உறைகட்டிகளும் அடைத்துக்கொள்கின்றன. இச்சுழலே என் அண்ணனை மூன்றாம் நாள் இழுத்துச் சென்றது.

உயிர் பிழைத்தோரிடத்தும் இதன் விளைவு நெடுநாள் நிற்கும். குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் மூளையிற் கசிந்து, துணையணுக்களின் இயல்பை மாற்றிப் பின்னாளில் வலிப்பு நோய்க்கு வித்திடக்கூடும் என்பது 2007ஆம் ஆண்டு வெளிவந்த எலி ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று. குத்துச்சண்டை செய்வோர் முதுமையில் தள்ளாடிச் சிந்தை கலங்குவதை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்டு எழுதினார். அத்தகையோர் மூளையிலே கேடுற்ற டௌ என்னும் புரதம் சிறு குருதிக் குழாய்களைச் சூழ்ந்து படிந்திருத்தலையே அந்நோயின் முதன்மைக் குறியாக இன்றைய நோய்க்கூற்று வல்லுநர் கொள்கின்றனர். மூளைக் காயம் என்றதும் நரம்பணுக்களையே நினைக்கின்றோம். குழாய்களை நினைப்பவர் சிலரே.

இன்றைய மருத்துவம் இதற்கு என் செய்கின்றது? தலையை உயர்த்திக் கிடத்துதல், மூச்சியந்திரம் பொருத்துதல், உப்புக்கரைசலும் மானிட்டால் என்னும் மருந்தும் செலுத்தி நீரை வாங்குதல், வேண்டுமாயின் ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து இடங்கொடுத்தல் ஆகிய இவை. இவற்றால் உயிர் பிழைத்தோர் எண்ணிறந்தோர். என் அண்ணனும் அவருள் ஒருவர். ஆயினும் இவை அழுத்தத்தைத் தணித்துக் காலத்தை வாங்கித் தருவனவேயன்றி, ஒழுகும் சுவரைச் செப்பனிடுவன அல்ல. செப்பனிடும் பணிக்குத்தான் குருத்தணுக்களை நாடுகின்றனர்.

குருத்தணு என்பது இன்னும் ஒரு தொழிலில் அமையாத உயிரணு. அது பிளந்து தன்னை ஒத்த அணுவையும் தரும். தொழிலமைந்த வேறு அணுவையும் தரும். எலும்பு மஜ்ஜையில் உள்ள இத்தகைய அணுக்களே நாள்தோறும் புதுக்குருதியை ஆக்குகின்றன என்பதைக் கனடாவில் டில், மெக்குல்லோ என்னும் இருவர் 1961இல் ஆராய்ச்சியால் நிறுவினர். கருவின் குருத்தணுக்களை 1998இல் தாம்சன் வளர்த்ததும், முதிர்ந்த அணுவையே பின்னோக்கித் திருப்பிக் குருத்தணுவாக்கும் வழியை 2006இல் ஜப்பானியர் யமனாகா கண்டு 2012இல் நோபல் பரிசு பெற்றதும் பலரும் அறிந்தனவாதலின் விரிக்கவில்லை. மூளைக் காயத்தில் மிகுதியும் ஆளப்படுவன மஜ்ஜையிலே குருதியணுக்களுக்குத் தாங்கலாய் நிற்கும் 'மெசன்கைமல்' அணுக்கள். அவற்றுக்குக் குருத்தணு என 1991இல் பெயரிட்டுப் பரப்பிய அமெரிக்க அறிஞர் கேப்லன், 2017இல் தாமே முன்வந்து, அப்பெயர் தவறாயிற்று, மாற்றுக என எழுதினார். இவை உடலிற் செலுத்தப்பட்டால் புதுத்திசுவாக வளர்வன அல்ல, அருகிலுள்ள அணுக்களுக்கு மருந்தாகும் செய்திகளை விடுப்பனவே என்பது அவர்தம் பிற்காலத் தெளிவு. காரணப்பெயராய்ப் பிறந்தது காரணம் இழந்து இடுகுறிப்பெயராய் நின்றது எனலாமோ? இலக்கண மாணவர் சிந்திக்க.

இப்பெயர் மாற்றம் வெறும் சொல்லாராய்ச்சியன்று. அச்சுத்தாளின் பொய் இங்கேதான் வெளிப்படுகின்றது. ஆதலின் நடந்ததை வரிசையாகக் கூறுகின்றேன்.

வளர்ந்த மனிதரிடத்தில் புதுக்குழாய் பழங்குழாயினின்று கிளைத்தே உண்டாகும் என்பது முன்னாளைய கொள்கை. 1997இல் அசஹாரா என்பாரும் அவர்தம் குழுவினரும், குழாயின் உட்சுவராக மாறவல்ல முன்னணுக்கள் குருதியிலேயே உலவுகின்றன என வெளியிட்டபோது அறிவுலகம் வியந்தது. ஆனாற் பின்னர் ஆராய்ந்தவர்கள், அவ்வாறு எண்ணப்பட்டவற்றுட் பல உண்மையில் வெள்ளணு இனத்தைச் சேர்ந்தவை என்றும், அவை சுவராக மாறாமல் சுவரை வளர்க்கும் பொருள்களை விடுப்பவை என்றும் கண்டனர். மெய்யாகவே சுவராகும் அணுக்களும் உண்டு, அவை அரியன. கொப்பூழ்க்கொடிக் குருதியினின்று அத்தகையவற்றை வளர்த்து, சீனத்துத் தியன்ஜின் நகரில், காயமுற்ற சுண்டெலிகளின் மூளை அறையுள் செலுத்த, தடை பெரிதும் மீண்டது, புதுக்குழாய்களும் தோன்றின என 2013இல் ஒரு கட்டுரை வெளிவந்தது.

மெசன்கைமல் அணுக்களின் கதை இதனினும் விந்தையானது. அமெரிக்காவின் டிட்ராயிட் நகரில் சோப் என்பாரும் அவர்தம் துணைவரும், தலையில் அடிபட்ட எலிகளின் சிரையில் அடிபட்ட மறுநாள் இவ்வணுக்களைச் செலுத்தினர். எலிகளின் நடை தெளிந்தது. இது 2001இல். மூளையை அறுத்துப் பார்த்தால் அங்கே சென்று சேர்ந்த அணுக்கள் சிலவே. மற்றவை எங்கே? 2009இல் ஹூஸ்டன் நகரத்துக் காக்ஸ் என்னும் மருத்துவரின் குழு அதனைத் தேடிற்று. சிரைவழியாகப் போன அணுக்களில் மிகப் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொண்டன! பழுதான வீடு ஓரூரில். கொத்தனார் இறங்கியது வேறூரில். எனினும் வீடு பழுது தீர்கின்றது. எங்ஙனம்?

விடையின் ஒரு பகுதி 2012இல் அந்நகரிலேயே கிடைத்தது. ஷிபானி பதி முதலியோர் அடங்கிய குழு, இவ்வணுக்கள் டிம்ப்-3 என்னும் புரதத்தைக் குருதியில் விடுவதைக் கண்டது. அப்புரதம் அடிப்படலத்தைக் கரைக்கும் நொதிகளை அடக்கும். உட்சுவரை நெகிழ்விக்கும் ஏவற்பொருளையும் அதன் வாயிலிற் பொருந்தவொட்டாமல் தடுக்கும். அக்குழுவினர் இருவகையாகவும் சோதித்தனர். அணுக்கள் அப்புரதத்தை ஆக்காவண்ணம் செய்துவிட்டுச் செலுத்தினர். சுண்டெலியின் மூளைத் தடை மீளவில்லை. அணுக்களே இன்றி அப்புரதத்தை மட்டும் செலுத்தினர், கசிவு குறைந்தது. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 2015இல் டிட்ராயிட் குழுவினர் அணுக்களை விடுத்து, அவை வெளிவிடும் எக்ஸோசோம் என்னும் நுண்குமிழிகளை மட்டும் எலிகளுக்குச் செலுத்தியும் நலங்கண்டனர். காயத்தின் ஓரங்களில் புதுக்குழாய்களும் மிகுந்தன. ஆகவே மூளை புதிதாய் முளைப்பதில்லை. உள்ள மூளைக்கு உணவு கொணரும் குழாய்களின் சுவர் இறுகுகின்றது, அழற்சி தணிகின்றது, சாகாமல் எஞ்சியவை பிழைக்கின்றன. என் மட்டில் இது 'புதுமூளை' என்னும் பொய்யினும் பெரிய வியப்பாகத் தோன்றுகின்றது.

எலிக்கு ஆயிற்று, மனிதர்க்கு? ஹூஸ்டனில் காக்ஸ் 5 முதல் 14 வயது வரையுள்ள பத்துச் சிறார்க்கு, கடுங்காயமுற்ற 48 மணிநேரத்துள், அவரவர் மஜ்ஜையினின்றே எடுத்த அணுக்களைச் செலுத்தி, அதனாற் கேடு விளையவில்லை என 2011இல் எழுதினார். இவை மேற்கூறிய மெசன்கைமல் அணுக்களை மட்டும் பிரித்தெடுத்தவை அல்ல; மஜ்ஜையின் ஒற்றைக்கரு அணுக்கள் யாவும் கலந்தவை. 2017இல் முதிர்ந்தோர் இருபத்தைவரிடத்து ஒரு சோதனை வெளியாயிற்று. அதன்பின் ஹூஸ்டனிலும் பீனிக்ஸிலும் 47 சிறாரைக் குலுக்கல் முறையில் இருபகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு அணுக்களும் மறுபகுதியினர்க்குப் பாவனை ஊசியும் கொடுத்தனர். யார்க்கு எது என்பதை மறைத்துவைத்தனர். 2024இல் வெளிவந்த முடிபு: அணுக்களைப் பெற்றவர் மூச்சியந்திரத்திலிருந்த நாள் ஏறத்தாழ மூன்று குறைந்தது, தீவிர சிகிச்சைப் பகுதியிலிருந்த நாளும் மூன்று குறைந்தது, ஓராண்டின்பின் மூளையின் வெண்பகுதி தேய்ந்த அளவு மற்றவரினும் சிறிதாயிருந்தது. ஆயினும் ஓராண்டு முழுதும் தொடர்ந்து பார்க்கப்பட்டவர் 37 பேரே. மகிழ்தற்கு இடமுண்டு, முரசறைதற்கு இல்லை.

மற்றொரு வழி, அடிபட்டு ஓராண்டுக்கு மேலாகியும் கைகால் வலிமை மீளாதார்க்கு உரியது. பிறர் மஜ்ஜை அணுக்களைப் பக்குவப்படுத்தி, அறுவை மருத்துவர் மூளையினுள்ளேயே காயத்தின் அருகே இடுவர். 61 பேரிடத்து நடந்த சோதனையில், ஓட்டில் துளையிட்டும் அணுக்கள் இடப்பெறாத ஒரு பகுதியினரும் இருந்தனர். ஆறு மாதத்தில் அசைவுத் திறனை அளக்கும் கணக்கிலே அணுக்களைப் பெற்றவர் சராசரி 8.3 புள்ளியும், மற்றவர் 2.3 புள்ளியும் ஏறினர். அக்கூகோ என்னும் பெயருடைய அம்மருந்துக்கு 2024 ஜூலையில் ஜப்பான் அரசு, நிபந்தனையோடும் காலவரையறையோடும் ஒப்புதல் அளித்தது.

இவ்வளவு நலம் தெரிந்தும் பேராசிரியர் என்னைத் தடுத்து நிறுத்தி 2004ஆம் ஆண்டின் ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னார். வீக்கத்தைத் தணிப்பவை ஸ்டீராய்டுகள். ஆதலின் மூளைக் காயத்துக்கும் அவை நல்லவையாகத்தான் இருக்கவேண்டும் எனப் பல்லாண்டு பல நாட்டு மருத்துவர் கொடுத்துவந்தனர். காரணம் தெளிவாயிருந்தது, எலிகளும் உடன்பட்டன. பின்னர், 'கிராஷ்' என்னும் சோதனையில் பத்தாயிரத்தெண்மரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தபோது, அம்மருந்து பெற்றவருள் இரு வாரத்தில் இறந்தவர் நூற்றுக்கு 21, பெறாதவருள் 18. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே நூற்றுக்கு மூவரைக் கூடுதலாகக் கொன்றுவந்தது! எண்ணிப் பாராதிருந்தால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்போம். குருத்தணுவிலும் இடர் இல்லாமலில்லை. பக்கவாதத்துக்காகச் சீனம், அர்ஜென்டினா, மெக்சிகோ என நாடு நாடாய்ச் சென்று இவ்வூசிகளை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் ஒருவர்க்கு முதுகெலும்பினுள்ளே கட்டி வளர்ந்தது. அதில் இருந்தவை பெரும்பாலும் அவருடைய அணுக்களே அல்ல என 2016இல் மருத்துவர் எழுதினர்.

நம் நாட்டிலும் இதற்கு நெறி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, குருதி நோய்கள் முதலிய சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றத்தைத் தவிர ஏனைய குருத்தணு மருத்துவமெல்லாம் ஒப்புதல் பெற்ற சோதனைகளில் மட்டுமே நிகழவேண்டும். சோதனையிற் சேர்பவரிடம் அதற்குப் பணம் பெறலாகாது. சோதனைகள் எவையென நாட்டுப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடந்துவரும் மஜ்ஜை மாற்றம் முறையான மருத்துவம். வாயிலில் நின்று அச்சுத்தாள் கொடுப்பது அன்று. இரண்டுக்கும் 'ஸ்டெம் செல்' என்னும் ஒரே பெயர் வழங்குவதாலேயே சிற்றப்பனாரைப் போன்றவர்கள் மயங்குகின்றனர்.

இவையெல்லாம் நான் பிற்பாடு கற்றவை. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மூச்சியந்திரத்தின் அருகே இரவுமுறையில் நின்ற இளம் டாக்டரம்மாளிடம் அத்தாளைக் காட்டினேன். அவர் அதைக் கடிந்து கிழிக்கவில்லை. "இது பதிவான சோதனையா என்று கேளுங்கள், ஆமென்றால் பதிவு எண் என்ன என்று கேளுங்கள், சோதனைக்கு எதற்குப் பணம் என்றும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு நோயாளியிடம் சென்றார். சிற்றப்பனார் மறுநாட்காலை தொலைபேசியில் அம்மூன்றையும் கேட்டார். மறுமுனையில் இருந்தவர், மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார், பின்னர் அழைக்கவில்லை. வயல் ஒற்றிக்குப் போகவில்லை.

அண்ணன் பன்னிரண்டாம் நாள் கண் திறந்தார். இப்பொழுது நடக்கின்றார், இடக்கை மட்டும் பிடிப்பின்றி இருக்கின்றது, இரவுதோறும் வலிப்புக்கு மாத்திரை உட்கொள்கின்றார். நான் படித்தவற்றைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிற்றப்பனாருக்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டிருந்து, "அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் நமக்குப் போய்விட்டது, அது போகட்டும். ஜப்பான்காரன் ஓராண்டு கழிந்தவர்களுக்கும் கொடுக்கிறான் என்றாயே, அது இங்கே எப்போது வரும்?" என்றார். அங்கேயே அஃது இன்னும் கண்காணிப்பில் இருக்கின்றது. இங்கு வருவதானால் முதலிற் சோதனையாகத்தான் வரும் என்றேன். "வந்தால் அந்தப் பதிவேட்டில் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அன்றுமுதல் ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிறன்று என்னை அழைத்து, பார்த்தாயா என்று கேட்கின்றார். நானும் பார்த்துச் சொல்லி வருகின்றேன்.